சித்திரக்கதைக்குப் புதியவரா? டெக்ஸ், லக்கி லூக், லாட், டோரேமோன்: எதில் தொடங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டில் காமிக்ஸ் கடை என்று தனியாக ஒன்று கிடையாது. பயிற்சி நூலும் எழுதுபொருளும் விற்கிற கடைகளில் மலாய்ச் சித்திரக்கதைகள் கொஞ்சம் இருக்கும். தமிழில் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போய் லிட்டில் இந்தியாவில் விசாரிக்கலாம். அங்கேயும் கேட்டது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு சித்திரக்கதை வாசிக்கத் தொடங்கியவன் நான். நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

ஒருவர் என் சித்தப்பா. ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் நாளிதழை மரண அறிவிப்பு வரைக்கும் விடாமல் வாசிப்பார். அடுத்தது அக்கா மகள். தமிழ்ப்பள்ளியை முடித்து இந்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனவள். புதுப்பள்ளிக்குப் போனதிலிருந்து தமிழில் எதையும் வாசிப்பதில்லை. மூன்றாமவர் பக்கத்து வீட்டு அண்ணன். அவருடைய மகன் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், புத்தகத்தைக் கண்டாலே நழுவுகிறான். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் பார்ப்பது, அடுத்த புத்தகம் கைக்கு எட்டுமா என்பதைத்தான். முதல் புத்தகம் எப்படியாவது கிடைத்துவிடும், யாராவது இரவல் தருவார்கள். அது பிடித்துப்போய் இன்னொன்று வேண்டும் என்று மனசு கேட்கும்போதுதான் சிக்கல். அந்த நேரத்தில் இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னால் புது வாசகருக்கு ஆர்வம் வடிந்துபோகும். பெரிய நகரத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். நமக்கு இதுதான் தலையாய விஷயம்.

அடுத்து, தொடரில் எங்கிருந்து வேண்டுமானாலும் நுழைய முடியுமா என்று பார்க்க வேண்டும். கிடைத்த இதழை வாங்கி வாசிக்கிற நிலையில் இருப்பவர்களுக்கு, ஒன்றிலிருந்து வரிசையாக வாசித்தால்தான் புரியும் என்கிற தொடர் சரிப்படாது. மூன்றாவது மொழி. எந்த மொழியில் சிரமமில்லாமல் ஓடுகிறது, எந்த மொழியை வளர்க்க விரும்புகிறோம் என்பவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். அப்புறம் செலவு. அட்டையில் போட்டிருக்கும் விலையோடு தபால், காத்திருப்பு, பாதுகாப்பு எல்லாம் சேரும். வாசிப்பவரின் வயதுக்கு உள்ளடக்கம் பொருந்துமா என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் பிள்ளை இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

டெக்ஸ் வில்லர்

டெக்ஸின் முதல் கதை இத்தாலியில் 1948 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. எழுதியவர் ஜான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் அவுரேலியோ கல்லெப்பினி. அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நம் ஊர்த் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வந்தது. இதைச் சொன்னதிலிருந்து சித்தப்பாவுக்கு டெக்ஸின் வயது மறப்பதில்லை. தமிழில் 1985 முதல் சிவகாசியின் லயன் காமிக்ஸ் இதை வெளியிட்டு வருகிறது.

கதைக்களம் அமெரிக்க மேற்கு. டெக்ஸ் ஒரு ரேஞ்சர், அதாவது சட்டம் காக்கிற காவலர். நவஹோ என்கிற செவ்விந்திய மக்களின் தலைவரும்கூட. அவர்கள் அவருக்கு வைத்த பெயர் இரவுக் கழுகு. தமிழ் வாசகர்கள் அதை இரவுக் கழுகார் ஆக்கிவிட்டார்கள். கூடவே வருகிற நரைத்த கிட் கார்சன் வெள்ளிமுடியார். இவர்களோடு டெக்ஸின் மகன் கிட், நவஹோ வீரர் டைகர். இந்த நால்வரைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கதையிலும் நுழைந்துவிடலாம். பெரும்பாலான கதைகள் தனித்தனியானவை. இத்தாலியில் மாத இதழ்களில் தொடராக வந்த நீளக்கதையைத் தமிழில் பெரும்பாலும் ஒரே தடித்த புத்தகமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு இது பெரிய வசதி.

முதல் முறை புரட்டும்போது கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் கொஞ்சம் மிரட்டும். இரவுக் காட்சி ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். எரிகிற தீ ஒன்றுதான் வெளிச்சம். தொப்பி விளிம்புக்குக் கீழே டெக்ஸின் முகம் முழுக்க மை. மூக்குத் தண்டிலும் தாடையிலும் மட்டும் கொஞ்சம் வெள்ளை விட்டிருப்பார்கள். அந்த வெள்ளையே போதும், அவர் தூங்கவில்லை, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஃபாபியோ சிவிட்டெல்லி வரைந்த கதை கிடைத்தால் விடாதீர்கள். வானத்து இருட்டைப் புள்ளி புள்ளியாக வைத்தே கட்டியிருப்பார். ஓவியர்கள் பலர் என்பதால் புத்தகத்துக்குப் புத்தகம் டெக்ஸின் முகம் கொஞ்சம் மாறும். புதியவருக்கு இது முதலில் உறுத்தும், இரண்டு மூன்று கதைகளில் பழகிவிடும்.

எனக்கு டெக்ஸ் பிடித்துப்போனதற்குத் துப்பாக்கிச் சண்டை காரணமில்லை. செவ்விந்தியர்களுக்கு அரசு தருகிற ரேஷனில் கலப்படம் செய்கிற ஏஜெண்ட், அவனுக்குத் துணைபோகிற வியாபாரி, கண்டும் காணாத ராணுவ அதிகாரி: இந்த மூவர் கூட்டணி பல கதைகளில் வருகிறது. டெக்ஸ் ஒவ்வொரு முறையும் அந்த மூவருக்கு எதிரே போய் நிற்கிறார். அவர் மனைவி லிலித் ஒரு நவஹோப் பெண். பெரியம்மைக் கிருமி படிந்த கம்பளிகளை அவள் இனத்தவரிடம் விற்ற கயவர்களால்தான் இறந்துபோகிறாள். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி அரிசி வாங்கி, மாதக் கடைசியில் கணக்கு ஏன் இவ்வளவு ஏறியது என்று கேட்க முடியாமல் திரும்பிய தலைமுறை நம்முடையது. அந்தத் தலைமுறைக்கு இந்தக் கதைகளை யாரும் விளக்கத் தேவையில்லை. தவிர, கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களைப் பார்த்தவர்களுக்குக் குதிரையும் பாலைவனமும் புதிதல்ல. சித்தப்பா முதல் கதையிலேயே கார்சனிடம் விழுந்துவிட்டார். ஊருக்குள் நுழைந்ததும் பெரிய இறைச்சித் துண்டும் அதன்மேல் மலையாக வறுத்த உருளைக்கிழங்கும் கேட்டு அடம்பிடிக்கிற, வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாலும் சண்டை என்றால் முதல் ஆளாக நிற்கிற மனிதர் அவர்.

குறைகளும் உண்டு. டெக்ஸ் தோற்பதில்லை. யார் ஜெயிப்பார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், எப்படி என்பதற்காகத்தான் வாசிக்க வேண்டும். பெண் பாத்திரங்கள் குறைவு. சுட்டு வீழ்த்தப்படுகிறவர்கள் ஏராளம். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன். பேச்சுக் குமிழிகளில் எழுத்து சிறிதாக நெருக்கியடித்து இருப்பதால் வயதானவர்கள் நல்ல வெளிச்சத்தில் உட்கார வேண்டும்.

அடுத்த புத்தகம் கைக்கு எட்டுமா? இங்கேதான் டெக்ஸ் நம்மைச் சோதிக்கிறார். சிவகாசியில் அச்சாகி, ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் போகிற புத்தகங்கள் இவை. பிரதிகள் தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு எப்போது என்று சொல்ல முடியாது, பழைய இதழ்களுக்குச் சேகரிப்பாளர்கள் வைக்கிற விலை வேறு. மலேசியாவுக்கு வரவழைப்பதென்றால் தபால் காசு எடைக்குத்தான். டெக்ஸோ தடித்த புத்தகம். ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) சுமார் இருபது ரூபாய் என்று கணக்குப் போட்டால் புத்தக விலை மலிவாகத் தெரியும். ஒன்றே ஒன்றை வரவழைத்தால் தபால் செலவு அந்த மலிவைத் தின்றுவிடும்.

லக்கி லூக்

இதுவும் கௌபாய் கதைதான், ஆனால் சிரிக்க வைக்கிற கௌபாய். பெல்ஜியத்து ஓவியர் மோரிஸ் 1946ல் உருவாக்கியது. 1955லிருந்து 1977ல் இறக்கும் வரை இதற்குப் பெரும்பாலும் எழுதியவர் ரெனே கோசினி. அந்தக் காலக் கதைகள்தாம் நகைச்சுவையில் உச்சம் என்பது என் கருத்து. தமிழில் எண்பதுகளிலிருந்தே வருகிறது. இப்போது கிடைப்பவை முழு வண்ணத்தில், நல்ல தாளில்.

ஒரு கதை நாற்பத்துச் சொச்சம் பக்கங்களில் முடிந்துவிடும். எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆனால் டால்டன் சகோதரர்கள் வருகிற கதையில் தொடங்குவது நல்லது. ஜோ, வில்லியம், ஜாக், அவெரல் என்று நாலு பேர், படிக்கட்டு மாதிரி உயரம் ஏறிக்கொண்டே போகும். குள்ளமான ஜோவுக்கு மூக்குக்கு மேல் கோபம், நெட்டையான அவெரலுக்கு எந்நேரமும் பசி. பிள்ளைகளுக்கு இந்த நால்வரை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை, முதல் கட்டத்திலேயே சிரிப்பு வந்துவிடும். படங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். கூட்டம் திரண்டிருக்கிற கட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஊதா, அல்லது ஒரே மஞ்சள் பூசிவிடுவார் மோரிஸ். லூக் மட்டும் தன் சட்டை நிறத்தோடு நிற்பான். புதிதாக வாசிக்கிறவர் கண் தானாகவே லூக்கிடம் போய்விடும். சித்திரக்கதை வாசித்துப் பழகாதவருக்கு இதைவிடச் சுலபமான பக்க அமைப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் தமிழ் உரையாடல் முழுக்கத் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கு. அங்கே பஸ் நிலையத்தில் கேட்கிற கேலி இங்கே பிறந்த பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குச் சில இடங்களில் எட்டாது. அக்கா மகள் பக்கத்துக்கு ஒரு முறையாவது ‘இதுக்கு என்ன மாமா அர்த்தம்’ என்று வந்து நிற்கிறாள். நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, கேட்பதற்காகவாவது தமிழ் வாசிக்கிறாள். கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டில் இது தடையாகலாம்.

பழைய கதைகளில் லூக் சிகரெட் பிடிப்பான். 1983ல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு வாயில் ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988ல் உலக சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது. இன்னொன்றும் இருக்கிறது. சலவைக்காரச் சீனர்களையும் செவ்விந்தியர்களையும் கேலிச்சித்திரமாக வரைந்திருக்கிற கட்டங்கள். சீனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிற நம் பிள்ளைகளிடம், அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் மற்றவர்களை இப்படித்தான் பார்த்தார்கள், நாம் அப்படிப் பார்க்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சைப் பேசத் தயாராக இருந்துகொண்டு புத்தகத்தைக் கொடுங்கள்.

கைக்கு எட்டுகிற விஷயத்தில் டெக்ஸுக்கு உள்ள அதே சிவகாசிச் சிக்கல்தான். ஒல்லிப் புத்தகம் என்பதால் ஒரே பொட்டலத்தில் நாலைந்து அடங்கும், அது ஒரு ஆறுதல். டின்டினும் ஆஸ்டெரிக்ஸும் இதே ரகம்தானே என்று கேட்பீர்கள். ஆங்கிலம் நன்றாக வருமென்றால் அவற்றை இங்குள்ள பெரிய புத்தகக் கடைகளிலேயே வாங்கலாம்.

லாட்

பேராக்கில் இருந்துகொண்டு லாட்டை வாசிக்காமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். முகமட் நோர் காலிட் என்ற கேலிச்சித்திர ஓவியர் லாட், 1951ல் இதே மாநிலத்தில் பிறந்தவர். ‘கம்போங் பாய்’ 1979ல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான ‘டவுன் பாய்’ 1981ல். கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) பிறந்த பையன் வளர்ந்து ஈப்போவுக்குப் போவதுதான் கதை. ஆங்கிலம், மலாய் இரண்டிலும் கிடைக்கிறது.

இதில் கட்டம் கட்டமாகப் பிரித்த பக்கங்கள் குறைவு. ஒரு பக்கம் முழுக்க ஒரே படம், கீழே இரண்டு மூன்று வரிகள். எந்தக் கட்டத்தை முதலில் வாசிப்பது என்ற குழப்பமே வராது. ஈயச்சுரங்கக் கப்பல் (மிதந்தபடி ஈயமணலைத் தோண்டி எடுக்கிற இயந்திரம்) வருகிற படத்தில் அந்த இயந்திரம் பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். பையன்கள் சுரங்க நிலத்தில் திருட்டுத்தனமாக ஈயமணல் அலசி மாட்டிக்கொள்வதும், அப்பா கோபத்தோடு வருவதும் கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த கதை. நம் வீடுகளில் பாட்டிமார் துலாங் தட்டை, அதாவது ஈயமணல் அலசுகிற தட்டை, பற்றிப் பேசக் கேட்டிருப்போம். அதே தட்டு புத்தகத்தில் வரும்போது, நம்முடைய ஆற்றங்கரையும் புத்தகத்துக்குரியதுதான் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும். டெக்ஸிடமும் லூக்கிடமும் இது கிடைக்காது.

செலவும் அலைச்சலும் இதில்தான் குறைவு. இணையத்தில் உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கலாம், பொது நூலகத்திலும் தேடிப் பாருங்கள். சிக்கல் வேறு இடத்தில். இரண்டு புத்தகங்களும் முடிந்த பிறகு? லாட்டின் மற்ற தொகுப்புகள் பெரும்பாலும் பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள். எழுபது, எண்பதுகளின் அரசியலும் சமூகமும் தெரிந்தவர்களுக்குத்தான் அவற்றில் பாதி பிடிபடும். தொடர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு லாட் சீக்கிரம் தீர்ந்துவிடுவார். தமிழ் வளர வேண்டும் என்பது நோக்கமானால், இதில் தமிழ் இல்லை.

டோரேமோன்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1969 கடைசியில் தொடங்கியது. மூலத்தில் 45 தொகுதிகள். இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை, படிப்பில் மந்தமான நோபித்தா, ஒவ்வொரு கதைக்கும் ஒரு விசித்திரக் கருவி. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் கதை முடியும். தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்பதால் பிள்ளை தயங்காமல் எடுக்கும். மலாய்ப் பதிப்புகள் ஊரிலேயே கிடைக்கும், பள்ளி மலாய்க்கும் அது கைகொடுக்கும். கைக்கு எட்டுவதில் இதை எதுவும் மிஞ்சாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேகத்தை. ஒரு தொகுதியை ஒரே மாலையில் முடித்துவிட்டு அடுத்தது கேட்பார்கள், வாரம் ஒன்று என்றாலும் கூட்டிப் பார்த்தால் சிறிய தொகை இல்லை. பழைய பிரதிகளை மற்ற பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ளப் பழக்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு இதைத் தொடக்கமாகச் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொல்பவை

‘இரத்தப் படலம்’ அபாரமான தொடர். நினைவிழந்த ஒரு மனிதன் தன்னைத் தேடிப் போகிற கதை. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்தது, 1984ல் தொடங்கியது. ஆனால் முதலிலிருந்து வரிசையாக வாசிக்காவிட்டால் ஒன்றும் புரியாது, நடுவில் ஒரு பாகம் இல்லையென்றால் அவ்வளவுதான். மற்றதில் பழகிய பிறகு, மொத்தத் தொகுப்பாகக் கிடைத்தால் வாங்குங்கள். 1967ல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வீட்டில் தாத்தா பாட்டி உட்கார்ந்து கதை சொல்கிறவர்களாக இருந்தால் நல்ல துணை. ஒவ்வொன்றும் தனி வரலாறு என்பதால், அடுத்தது என்ன என்கிற துடிப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

அட்டையில் போடாத செலவுகள்

காமிக்ஸ் தாள் ஈரத்தைக் குடிக்கும். நம் பக்கம் மழைக்காலத்தில் பலகை வீட்டு அலமாரியில் வைத்த புத்தகம் ஓரம் சுருண்டு, கரும்புள்ளி விழுந்துவிடும். கரையான் வந்தால் கேட்கவே வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். முதல் பொட்டலம் வந்து சேர்வதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

சிவகாசிப் புத்தகங்களுக்கு மலிவான வழி ஆள் மூலம் வருவதுதான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும், லயன் முத்து காமிக்ஸுக்கு அங்கே அரங்கு உண்டு. பொங்கலுக்கோ கோயில் பயணத்துக்கோ போகிற சொந்தக்காரர்களிடம் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, பணத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பெட்டியில் எவ்வளவு எடைக்கு இடம் இருக்கும் என்பதைக் கேட்டுக்கொண்டு பட்டியல் போடுவது மரியாதை. ஆள் கிடைக்காவிட்டால் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைக்கலாம்.

வருமான வரி கட்டுகிறவர்கள் புத்தக ரசீதுகளை எறிய வேண்டாம். வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 வெள்ளிக்குள் புத்தகச் செலவும் வரும்.

யாருக்கு எது

சித்தப்பாவுக்கு டெக்ஸ். காத்திருக்கத் தெரிந்தவர், வாசித்ததையே மறுபடி வாசிப்பவர், தமிழ் தவிர வேறு மொழியில் கதை வாசிக்கப் பிரியப்படாதவர். இப்படிப்பட்டவர்களுக்குச் சிவகாசித் தூரம் பெரிய பொருட்டல்ல. ஒரு தடித்த கதையை மூன்று வாரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தம் பழைய தோட்டத்துக் கூட்டாளியிடம் கொடுத்தார், இப்போது அவரும் கேட்கிறார்.

அக்கா மகளுக்கு லக்கி லூக். தமிழ் கைநழுவிப் போகிற வயதில் சிரிப்பை விட்டால் வேறு தூண்டில் இல்லை. ஆனால் ஒரே ஒரு புத்தகத்தோடு அவளைத் தொடங்கிவிடாதீர்கள் என்று அக்காவிடம் சொன்னேன். நாலு புத்தகம் கையில் சேர்ந்த பிறகு முதலாவதைக் கொடுத்தால்தான் இடைவெளி விழாமல் ஓடும். நடுவில் தமிழ்ப் புத்தகம் தீர்ந்துபோனால் லாட்டை வைத்து இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு டோரேமோன், யோசிக்கவே வேண்டியதில்லை. அவனுக்கு இப்போது வேண்டியது மொழியோ இலக்கியமோ இல்லை, ஒரு புத்தகத்தைத் தானாக முடித்துவிட்டேன் என்கிற தைரியம். ஐந்தாம் ஆண்டு வாக்கில் லாட்டைக் கொடுங்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். மலாய் வாசிப்பு அதற்குள் கைவந்திருக்கும்.

தமிழும் மலாயும் இரண்டும் சுமாராக வருகிற பெரியவர்கள் சிலர் இதே கேள்வியோடு இருப்பீர்கள். நீங்கள் இன்றைக்கே ‘கம்போங் பாய்’ வாங்கி வாசியுங்கள், ஒரு மாலையில் முடிந்துவிடும். அது பிடித்திருந்தால் அடுத்த ஜனவரிப் பட்டியலில் உங்கள் பெயருக்கு ஒரு டெக்ஸும் ஒரு லக்கி லூக்கும் எழுதுங்கள். அக்டோபர் வாக்கில் எங்கள் தெருவில் பட்டியல் சேர்ப்போம். உங்கள் தெருவிலும் ஒருவர் சேர்க்கத் தொடங்கினால் பெட்டியில் இடம் கேட்பது சுலபமாகிவிடும்.